டீசல் நல்லதுதான், சார்

"கெமிஸ்ட்ரி ஆனர்ஸா? உனக்கா? பேசாம பி.ஏ. பாஸ் கோர்ஸ்ல சேர்ந்துட்டு, சாயங்காலம் ஒரு கம்ப்யூட்டர் க்ளாஸ் போம்மா. டிகிரியும் ஆச்சு, வேலையும் ஆச்சு."

துவாரகாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் என்னிடம் இப்படிச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது முடிந்திருந்தது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர். மத்திய அரசில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடியிருப்பில் எங்களுக்கு வீடு கிடையாது. பின்பக்கம், ஜெனரேட்டர் ஓடும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை உண்டு. அப்பா அங்கே ஜெனரேட்டர் ஆப்பரேட்டர் என்பதால் அந்த அறையில் இருந்தோம். கல்லூரியில் கொடுக்க முகவரிச் சான்று தேவைப்பட்டது. அதில் செயலாளரின் கையெழுத்து வாங்கத்தான் போய் நின்றேன்.

"சீட் கிடைச்சாச்சு அங்கிள். நீங்க அட்ரஸுக்கு மட்டும் சைன் பண்ணாப் போதும்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "வாய் ஜாஸ்திதான்" என்று உள்ளே இருந்த மனைவியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அது பொய்யில்லை. எனக்குக் கர்வம் உண்டு. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர்கள் என்று கேலியாகச் சொல்வார்களே, என் அப்பா அம்மா விஷயத்தில் அது கேலியே இல்லை, வெறும் தகவல். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக டெல்லி வந்தவர்கள். நான் ஜனக்புரியில் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். ஆறாம் வகுப்பில் எனக்கென்று ஒரு கையெழுத்தை உருவாக்கிக்கொண்டேன், தமிழில். கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்புறம் நூறு தடவையாவது போட்டுப் பழகியிருப்பேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு படிவத்திலும் அப்பாவின் கைரேகைக்குப் பக்கத்தில் சாட்சியாக என் கையெழுத்து விழுந்தது. அப்பாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பத்துக் கையெழுத்துகளுக்கு நடுவே என்னுடையதைக் காட்டிவிடுவார். "கடைசியில வால் மாதிரி இழுத்துருக்கில்ல, அதான் உன்னுது" என்பார்.

கல்லூரி முதல் ஆண்டில் ஆல்கேன்கள் வந்தன. வகுப்பில் மற்றவர்களுக்குக் கொட்டாவி. கரியும் ஹைட்ரஜனும் ஒற்றைப் பிணைப்பில் சங்கிலியாக நீள்கிற கதைதானே. எனக்கு மட்டும் வீட்டு ஆட்களைப் பாடப்புத்தகத்தில் பார்த்த மாதிரி இருந்தது. நினைவு தெரிந்ததிலிருந்து நான் இந்த வாசனைகளுக்குப் பக்கத்தில்தான் தூங்கியிருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து, ஜெனரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"கச்சா எண்ணெய்னா கறுப்பா ஒரே எண்ணெய்னு நினைச்சுக்காதப்பா. எத்தனையோ எண்ணெய் கலந்த கொழம்பு அது. காய்ச்சித்தான் பிரிப்பாங்க. ஒரு கரி, ரெண்டு கரி உள்ளது காத்தா மேல போயிடும். மூணும் நாலும் நம்ம சிலிண்டர்ல இருக்கு. அஞ்சுலேர்ந்து பெட்ரோல். பத்துக்கு மேல மண்ணெண்ணெய், அதுக்கும் மேல உன் டீசல். இன்னும் நீண்டுட்டே போனா மெழுகு. எல்லாம் போக அடியில தங்கறது தார்."

அப்பா துணியை உதறினார். "அப்ப ரோட்டுல போடற தாரும் அடுப்புல எரியற கேஸும் அண்ணன் தம்பியா?"

"கிட்டத்தட்ட."

"அண்ணன் தம்பின்னா சண்டை வருமே. ரெண்டையும் ஒண்ணா ஊத்தி எரிச்சா?"

"புகைதான் வரும்."

"இதச் சொல்லவா காலேஜு? நானே சொல்லுவேனே" என்று சிரித்தார்.

ஆல்கேனில் எனக்குப் பிடித்தது அதன் பிடிவாதம். அமிலம் ஊற்றினாலும் அசையாது, காரம் ஊற்றினாலும் அசையாது. எரிக்க மட்டும்தான் முடியும். போதிய காற்று இருந்தால் கரியமில வாயுவும் தண்ணீரும் ஆகிவிடும். காற்று போதாவிட்டால், சங்கிலி ரொம்ப நீளமாக இருந்தால், எரியாத கரி புகையாக வெளியே வரும். கந்தகம் வேறு கதை. அது கச்சா எண்ணெயோடு பூமிக்கடியிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருவது. சுத்திகரிப்பு ஆலை அதைப் பிரித்து எடுக்க அரும்பாடு படுகிறது. எடுக்காமல் விட்டால் எரியும்போது காற்றில் கலந்து நம் நெஞ்சுக்குள் போய்ச் சேரும். இவ்வளவும் படித்துவிட்டு, எம்.எஸ்ஸி. முடித்து, மாயாபுரி தொழிற்பேட்டையில் எரிபொருள் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே தமிழ் பேச இன்னொருவர் இருந்தார். எனக்கு மேலே சீனியர் கெமிஸ்ட். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் முதல் நாளிலிருந்தே அக்கா. கோல் மார்க்கெட் அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலேயே டெல்லி வந்த குடும்பம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வெளியே இந்தி. இரண்டும் கலந்து அவர் வாயில் ஒரு புதுத் தமிழ் ஓடும். படிக்க மட்டும் வராது. குடும்ப வாட்ஸப்பில் தமிழில் ஏதாவது வந்தால் ஃபோனை என் முன்னால் நீட்டுவார்.

"ஏட்டி, எங்க அத்தை ஜிலேபி சுத்தியிருக்கா. என்னன்னு பாரு."

"கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டிருக்காங்க அக்கா. நல்லாவே கேட்டிருக்காங்க."

"அச்சா? திட்டிருக்காளா? கொஞ்சம் சத்தமாப் படி, நல்லா இருக்கு."

என் கையெழுத்தும் அவருக்கு ஜிலேபிதான். ஆய்வகத்திலேயே தமிழில் கையெழுத்துப் போடுகிறவள் நான் ஒருத்திதான். ஆங்கிலத்தில் போடச் சொல்லி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டபோது, "அவ சைன், அவ இஷ்டம்" என்று எனக்காகச் சண்டை போட்டவர் அக்கா.

அந்த ஆய்வகத்தில் எங்களுக்குத் தமிழ் என்பது கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை. சுற்றிப் பத்துப் பேர் இருந்தாலும் யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். ஆய்வகத் தலைவரின் புது விக் பற்றி அவர் எதிரிலேயே பேசியிருக்கிறோம். முகத்தை மட்டும் வேலை விஷயம் பேசுகிற மாதிரி வைத்துக்கொள்வோம். அக்காவிடம் நான் சொல்லாத எதுவும் இருக்கவில்லை. ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் குடியிருப்பதை நான் கல்லூரித் தோழிகளிடம்கூடச் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அதை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். சோதனையின் அளவுகளை நேராகப் பணித்தாளில் எழுத வேண்டும், எழுதி முடித்ததும் சோதித்தவர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நாங்கள் செய்தது வேறு. அளவுகளை ரஃப் நோட்டில் குறித்துக்கொள்வோம். பிறகு கணினியில் ஏற்றி அழகாக அச்சடிப்போம். அடித்தல் திருத்தல் இருந்தால் தணிக்கைக்கு வருபவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று காரணம் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் நான் மாதிரி எடுக்க வெளியே போய்விடுவேன். அறிக்கைகளும் அன்றைக்கே போக வேண்டும். ஆகவே அக்கா காலையிலேயே வெற்றுப் பணித்தாள்களை என் மேசையில் வைப்பார்.

"ஜல்தி நாலு ஜிலேபி சுத்திட்டுப் போ. மேல நான் ப்ரின்ட் எடுத்துக்கறேன்."

நான் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அவர் அந்தத் தாள்களை அச்சு இயந்திரத்தில் வைத்து, மேலே அளவுகளை அச்சடித்து, சரிபார்த்தவர் இடத்தில் தானும் கையெழுத்திடுவார். மற்ற மேசைகளிலும் இதுதான் நடந்தது. தவறு என்று தெரியும். ஆனால் அக்கா மீது சந்தேகம் வந்தால்தானே கை தயங்கும்.

இந்தக் கோடையில் எங்கள் குடியிருப்பில் மின்வெட்டு அதிகம். ஜெனரேட்டர் பகலெல்லாம் ஓடியது. மூன்று மாடி வரை பால்கனியில் காயப்போட்ட துணிகளில் கறுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. வெள்ளைச் சட்டைகளோடு ஆட்கள் செயலாளர் வீட்டு வாசலில் நின்றார்கள். வண்டியில் வரும் டீசலே சரியில்லை என்றார் அப்பா. "பெயிண்டு கடை வாசம் அடிக்குது சார்." டீசலை வாசலுக்கே கொண்டுவந்து நிரப்பும் நிறுவனமோ தங்கள் சரக்கு சுத்தம் என்றது. அடர்த்தி பார்க்கும் மிதவைக் கருவியை எல்லார் எதிரிலும் டீசலில் போட்டுக் காட்டினார்கள். அளவு கச்சிதமாக இருந்தது. அப்படியென்றால் ஆப்பரேட்டர்தான் நல்ல டீசலைத் திருடி விற்றுவிட்டு எதையோ கலக்கிறார் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

அப்பா அன்று சாப்பிடவில்லை. "இருபது வருஷமா இதே கொட்டாய்ல கெடக்கறேன். ஒரு சொட்டு தொட்டிருப்பனா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தட்டை மூடி வைத்தார்.

செயலாளர் முறைப்படி ஒரு முடிவு எடுத்தார். அடுத்த வண்டி வந்ததும், தொட்டியில் ஊற்றும் முன்பே வண்டியிலிருந்து மாதிரி எடுத்து மூன்று அலுமினியக் குப்பிகளில் அடைத்து முத்திரை வைப்பது. ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று சங்கத்துக்கு, ஒன்று சோதனைக்கு. வண்டியில் வந்த டீசல் கெட்டது என்று தெரிந்தால் அப்பா மேல் தப்பில்லை. நல்லது என்று தெரிந்தால் கலப்படம் கொட்டகையில்தான் நடக்கிறது. அப்பா வேலையையும் அறையையும் விட்டுப் போக வேண்டும். தங்கள் டீசல் மாதிரிகள் எல்லாம் போகிற ஆய்வகத்துக்கே அனுப்பும்படி நிறுவனம் சொன்னது. செயலாளரும் சரி என்றார்.

எந்த ஆய்வகம் என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை என் மேசைக்கு வந்த குப்பியில் வழக்கம்போல் எண் மட்டும்தான் இருந்தது. ஆனால் முத்திரைத் துணியில் கட்டிய சீட்டைப் பிரிக்க மறந்திருந்தார்கள். அதில் இரண்டு கையெழுத்து, ஒரு கைரேகை. ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. விசிறி பெல்ட்டில் அப்பாவின் கட்டைவிரல் மாட்டிய தழும்பு அது. எத்தனை படிவங்களில் அதற்குப் பக்கத்தில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

அந்தக் குப்பியை நான் தொட்டிருக்கக் கூடாது. தலைவரிடம் சொல்லி வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். நான் அக்காவிடம் சொன்னேன், தமிழில்.

"இது எங்கப்பா கேஸ் அக்கா."

அவர் சீட்டைப் பார்த்தார். அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "யாருக்கும் சொல்லாதே. நேர்மையாத்தானே டெஸ்ட் பண்ணப் போறே? பண்ணு. அவ்வளவுதான்."

நேர்மையாகத்தான் செய்தேன். அடர்த்தி சரியாகவே வந்தது. அங்கேதான் சூழ்ச்சி. அடர்த்தி என்பது சராசரி. டீசலைவிட இலேசான ஒன்றையும் டீசலைவிடக் கனமான ஒன்றையும் அளவு பார்த்துக் கலந்தால், மிதவைக் கருவி இரண்டுக்கும் நடுவே டீசலின் இடத்தில் வந்து நிற்கும். ஆனால் மூடிய கோப்பையில் சூடாக்கி மேலே சுடரைக் காட்டியபோது, விதி சொல்லும் வெப்பநிலைக்கு வெகு முன்பாகவே பொறி தட்டியது. உள்ளே பெயிண்ட் தின்னர் போல ஏதோ கரைப்பான் இருந்தது. கந்தகம் அனுமதித்ததைப் போலப் பல மடங்கு. பிறகு மாதிரியை ஜி.சி. இயந்திரத்தில் ஏற்றினேன். அது எண்ணெயிலுள்ள ஒவ்வொரு சங்கிலியையும் நீளவாரியாகப் பிரித்து வரைந்து காட்டும். நல்ல டீசல் என்றால் ஒரே குன்று, அதன் மேல் சீரான இடைவெளியில் முளைக்குச்சிகள். இதில் இரண்டு குன்றுகள் இருந்தன. முன்னால் கரைப்பான், பின்னால் கழிவு எண்ணெய். நடுவில், டீசல் இருக்க வேண்டிய இடத்தில், பள்ளம்.

"அக்கா, எங்கப்பா மூக்கு சரிதான்" என்றேன். எனக்கு அழுகை வந்தது.

அவர் என் தோளைத் தட்டினார். "ஃபர்ஸ்ட் க்ளாஸ். ரஃப்ல எல்லாம் எழுதி வெச்சுட்டேல்ல? நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் நான்கு தாள்களில் கையெழுத்திட்டுவிட்டு வெளி வேலைக்குப் போனேன். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. முடிவு முறைப்படியே அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். அந்த நாளை நான் ஆசையோடு எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது அம்மா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த மாசத்தோட முடிச்சுக்கச் சொல்லிட்டாங்கம்மா" என்றார்.

"ஏன்? ரிப்போர்ட் வரலியா?"

"வந்துச்சே."

செயலாளர் வீட்டில் ஐந்தாறு பேர் எதிரில் நடந்ததை அவர் சொன்னார். செயலாளர் ஒரு தாளை நீட்டி, "இது உன் பொண்ணு கையெழுத்துதானே?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், என் பெயரும் தெரியும். அப்பா பார்த்தார். வால் இருந்தது. ஆமாம் என்றார். "வண்டியில வந்த டீசல் நல்ல டீசல்னு உன் பொண்ணே டெஸ்ட் பண்ணி எழுதியிருக்கா. நீ என்ன சொல்றே?"

"நான் என்னத்தச் சொல்றது? நீ பாத்து எழுதியிருக்கன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப டீசல் நல்லதுதான் சார், என் மூக்குதான் கெட்டுப்போச்சு போலன்னேன்."

என் மேல் அவருக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. இவ்வளவு படித்த பெண் அப்பனுக்காகப் பொய் எழுதவில்லை என்பதில் ஒரு சின்னப் பெருமைகூட அந்த முகத்தில் இருந்தது. அதை நான் பார்த்தேன். இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

அறிக்கையை அவர் ஃபோனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொறி தட்டிய வெப்பநிலை, சரியானது. கந்தகம், சரியானது. இணைத்திருந்த ஜி.சி. படத்தில் அழகான ஒரே குன்று. வேறு ஏதோ நல்ல டீசலின் படம். சரிபார்த்தவர் இடத்தில் அக்காவின் ஆங்கிலக் கையெழுத்து. சோதித்தவர் இடத்தில் என்னுடையது. பொய்க் கையெழுத்து இல்லை. நானே, என் பேனாவால் போட்டது.

"இது நான் எழுதினது இல்லப்பா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெற்றுத்தாள் உட்பட.

 அப்பா முதலில் கேட்டது, "அப்ப என் மூக்கு சரியா?"

"சரிப்பா."

பிறகு கேட்டார். "எழுதாத தாள்ல ஏம்மா கையெழுத்து வெச்ச? படிக்கத் தெரியாத நானே, யாராச்சும் படிச்சுக் காட்டாம ரேகை வெக்க மாட்டனே."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எம்.எஸ்ஸி. சான்றிதழ் சட்டத்துக்குள் எங்களுக்கு மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அக்காவின் மேசைக்குப் போனேன். அவர் டிபன் டப்பாவைத் திறந்து, "தோசை இருக்கு, எடுத்துக்கோ" என்றார். நான் ஃபோனில் படத்தைக் காட்டினேன். டப்பாவை மூடினார்.

"மேலேர்ந்து சொன்னாங்க. பெரிய க்ளையன்ட். நான் என்ன பண்ண முடியும் சொல்லு?"

"எங்கப்பா கேஸ்னு உங்களுக்குத் தெரியும் அக்கா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன், சத்தம் போடாதே." முகத்தை வேலை விஷயம் பேசுகிற மாதிரி வைத்துக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். இவர்கள் வழக்கம்போல் ஏதோ ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார். "உன் அப்பா சாம்பிளை நீயே டெஸ்ட் பண்ணினே. அதை யார்கிட்டயும் சொல்லலை. ப்ளாங்க் ஷீட்ல சைன் போட்டே. இதெல்லாம் வெளியே வந்தா யாரு வேலை போகும்? எனக்கு மேலே ஆள் இருக்கு. உனக்கு யாரு இருக்கா?"

"யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னது நீங்கதானே?"

"அதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

எதுவும் இல்லை. எல்லாம் தமிழில், வாயால் பேசியது. நாங்கள் சாத்திக்கொண்டிருந்த அந்த அறைக்குள் எனக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் கிடையாது.

கடைசியாக ஒன்று கேட்டேன். "வேற யார் தாளிலாவது அச்சடிச்சிருக்கலாமே அக்கா. ஏன் என்னுது?"

அவர் டிபன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். பதில் எனக்குத் தேவைப்படவும் இல்லை. மகளே எழுதிய அறிக்கையை அப்பன் மறுக்க மாட்டான், ஊரும் சந்தேகப்படாது. அவர் அப்படிக் கணக்குப் போட்டாரா, அல்லது கைக்குக் கிடைத்த தாளில் அச்சடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சில நாள் முதலாவதை நம்புகிறேன், சில நாள் இரண்டாவதை. எதை நம்பினாலும், என் கையெழுத்துக்காக ஒருகாலத்தில் சண்டை போட்டவர் அவர் என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

"தோசை எடுத்துக்கோடி" என்றார் மறுபடியும், மெதுவாக. அந்தக் குரலில் பாசம் இருந்தது. பொய்ப் பாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ரஃப் நோட்டு என் லாக்கரில் இருந்தது. அந்தப் புதன்கிழமையின் அளவுகள், நேரம், இயந்திரம் கொடுத்த கோப்பு எண் எல்லாம் அதில் என் கையால் எழுதியிருந்தன. அதைக் காட்டினால் உண்மை வெளியே வரும். ஆனால் ஆய்வக விதிப்படி அப்படி ஒரு நோட்டு இருப்பதே குற்றம். அதை நீட்டுகிற கணத்தில் நானும் குற்றவாளி.

சாயங்காலம் செயலாளர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்பாவுக்கு எதிரா எழுதினே, உடனே நம்பினேன்" என்றார். "இப்ப அப்பாவுக்கு ஆதரவா வந்து சொல்றே. எப்படிம்மா நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம் அங்கிள். சங்கத்துக்குன்னு வெச்ச குப்பி உங்க பீரோவுல சீலோட இருக்கு. வேற லேபுக்கு அனுப்புங்க. நான் தொடவே மாட்டேன்."

"அனுப்பறதுக்கு ஒரு காரணம் வேணுமே. கமிட்டியில என்னன்னு சொல்றது? ஆப்பரேட்டர் பொண்ணு வந்து அழுதான்னா?"

"நான் அழலை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப எழுதிக் குடு. லேபுக்கும் அதையே குடு. உன் பேருல வந்த ரிப்போர்ட்டை நீயே தப்புன்னு எழுதிக் குடுத்தா, அப்புறம் நான் அனுப்பாம இருக்க முடியாது. ஆனா யோசிச்சுக்கோ. இந்த லைன்ல உனக்கு இன்னொரு வேலை கிடைக்கறது கஷ்டம்."

அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். இரண்டு நாள் யோசித்தேன். நான் எழுதவில்லை என்றால் அப்பா திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு அறையைக் காலி செய்வார். அந்த வண்டி வேறு எத்தனையோ குடியிருப்புகளின் கொட்டகைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். அங்கேயும் ஒருவர் புகைக்குப் பக்கத்தில் நின்று, தன் மூக்கின் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். அப்பாவின் மாதிரியைப் பற்றி மட்டும் எழுதினால் போதுமா என்றும் பார்த்தேன். போதாது. நான் வெற்றுத்தாளில் கையெழுத்திட்ட வெள்ளிக்கிழமைகள் நிறைய. அந்தத் தாள்களில் மேலே என்ன அச்சாகியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவற்றில் ஒன்றுக்கும் என்னால் பொறுப்பேற்க முடியாது.

ரஃப் நோட்டைப் புரட்டி, அந்த வெள்ளிக்கிழமைகளின் மாதிரி எண்களை ஒவ்வொன்றாக எடுத்தெழுதினேன். மூன்று பக்கம் வந்தது. எதையும் மறைக்காமல் கடிதம் எழுதினேன். மாதிரி யாருடையது என்று தெரிந்தும் நான் சோதித்ததை, தலைவரிடம் சொல்லாததை, தாள் வெறுமையாக இருக்கும்போதே கையெழுத்திட்டதை எல்லாம் எழுதினேன். அப்பாவின் மாதிரியில் எந்த அளவுகள் மாற்றப்பட்டன, உண்மையான அளவு என்ன, என் தாளில் அச்சடித்தது யார் என்பதையும் எழுதினேன். என் கையெழுத்துள்ள இத்தனை அறிக்கைகளையும் திரும்பப் பெற்று, மாதிரிகளை மறுபடி சோதிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். அக்காவின் பெயர் வந்த இடத்தில் அவர், "அந்தப் பொண்ணுக்குக் கொழந்த இருக்குன்னு சொன்னியே" என்றார். இருக்கிறது. ஆனாலும் பெயரை நீக்கவில்லை.

போன திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வகத் தலைவரின் அறைக்குப் போனேன். அவர் கடிதத்தைப் படித்தார், பட்டியலைப் பார்த்தார், மூடிய கதவை ஒருமுறை பார்த்தார். இதை இப்போதைக்குத் திரும்ப எடுத்துக்கொள், ஒரு வாரம் லீவு போடு, பிறகு பேசலாம் என்று இந்தியில் தன்மையாகச் சொன்னார். கடிதத்தை என் பக்கம் நகர்த்தியும் வைத்தார்.

நான் அதைத் தொடவில்லை. ஒன்பதரை மணிக்கே ஆய்வகத்தின் தபால் பிரிவில் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றி, எண் வாங்கிய பிறகுதான் அதை அவரிடம் கொண்டுவந்திருந்தேன். அதற்கும் முன்னால், வீட்டிலிருந்து கிளம்பும்போதே, ஒரு நகலைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மெட்ரோ ஏறினேன்.